அம்ப்ரோசி என்கிற இத்தாலியர்

சிட்னி,
9 மார்ச் 1857

அன்பு மகள் கெசியாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் சுகம். போன வாரம் ஒரு பல் விழுந்தது. குழல் ஊதப் பயன்படும் பல் இல்லை என்பதால் நான் அதற்காகத் துக்கம் கொண்டாடவில்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பேத்தி ஆனரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழி? உன் கடிதத்தில் பாதி அடிலெய்டு வெயிலைப் பற்றியே இருக்கிறது. மீதிப் பாதியில் எனக்கு உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் புத்திமதி. பேத்திக்கு என் மூக்கா, உன் அம்மா மூக்கா என்று போன கிறிஸ்துமஸில் கேட்டேன். இன்னும் பதில் இல்லை.

இன்னொன்று. வீட்டு விலாசத்துக்கு எழுத வேண்டாம், தபால் நிலையத்துக்கே எழுதுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன் என்கிறாய். கைக்குழந்தைக்காரிக்கு எதற்கம்மா இந்த அலைச்சல்?

டிரேகாட் வீட்டுப் பெண்கள் இன்னும் என்னிடம்தான் பியானோ கற்கிறார்கள். கற்பதாக அவர்கள் அம்மா ஊரெல்லாம் சொல்கிறாள். மூத்தவள் பியானோவை ரொட்டி மாவு மாதிரி பிசைகிறாள். நான் வழக்கம்போல் ஒரு விரலால் அவள் மணிக்கட்டை அடியிலிருந்து தூக்கிவிடுகிறேன். விரலை எடுத்ததும் தொப்பென்று விழுகிறது. உனக்கெல்லாம் ஒரு தடவை செய்தால் போதும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வால்ட்ஸ் நடன மெட்டு ஒன்று எழுதியிருக்கிறேன். இதுவரை நான் போட்டதெல்லாம் குதிரைப் பந்தய விருந்துக்கும் ஆளுநர் மாளிகை நடனத்துக்கும் அவசரத்தில் வார்த்துக் கொடுத்த சரக்கு. இது அப்படி இல்லை. உன் அம்மா போன பிறகு மனசார எழுதியது இது ஒன்றுதான். இசைத்தாள் கடைக்காரர் ஃப்ரிப்பே கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருப்பது எவ்வளவு அபூர்வம் என்று உனக்குத் தெரியும். அச்சுப் போட ஒப்புக்கொண்டுவிட்டார்.

அட்டையில் ஒரு சீமாட்டியின் பெயர் இல்லாமல் இந்த நாட்டில் எந்த மெட்டும் விலைபோகாது. “யாரு பேரைப் போடலாம்? நீதிபதி சம்சாரமா?” என்றார். “எம் பொண்ணு பேரைப் போடுங்க” என்றேன். ‘அடிலெய்டு திருமதி செப்டிமஸ் ஹாலட்டுக்கு, அவருடைய அனுமதியுடன், தகப்பனார் ஆம்ப்ரோஸ் பெல்லோ சமர்ப்பித்தது.’ சுருள் சுருளான எழுத்தில், இரண்டு பக்கமும் கொடி படர்ந்து வரும். அனுமதி கேட்பது முறை, அதனால் கேட்கிறேன். சரி என்று ஒரு வரி எழுதிப் போடு. உன் கல்யாணத்துக்குத்தான் கடல் பயணம் ஒத்துக்காது என்று என்னை வர வேண்டாம் என்றுவிட்டாய். என் பெயராவது உன் பெயர் பக்கத்தில் ஒரு தடவை நிற்கட்டும்.

என்றும் அன்புடன்,
உன் அப்பா
ஆம்ப்ரோஸ் பெல்லோ


அடிலெய்டு,
30 மார்ச் 1857

அன்புள்ள அப்பாவுக்கு,

கெசியா எழுதிக்கொள்வது. நாங்கள் நலம். ஆனருக்கு உங்கள் மூக்குதான். அதனாலேயே எழுதாமல் இருந்தேன் என்று இப்போது நினைக்கும்போது எனக்கே என்மேல் வெறுப்பாக இருக்கிறது.

அப்பா, அட்டையில் என் பெயர் வேண்டாம். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

அத்தைக்குப் பிடிக்காது, பெண்கள் பெயர் அச்சில் வருவது கௌரவம் இல்லை என்றெல்லாம் முதலில் எழுதினேன். எழுதியதைக் கிழித்துவிட்டேன். உங்களிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. உங்களைப் பற்றித்தான் பொய் சொல்லியிருக்கிறேன்.

இங்கே நீங்கள் உயிரோடு இல்லை. இறந்துவிட்டீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

சிட்னி மாதிரி இந்த ஊருக்கு இங்கிலாந்திலிருந்து கைதிக் கப்பல் வந்ததே கிடையாது. அதில் இவர்களுக்கு அவ்வளவு பெருமை. நான் பாடம் சொல்லித்தர வந்த புதிதில் ஒரு நாள் ஹாலட் வீட்டுக்குத் தேநீருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அத்தை, அப்போது அவள் எனக்கு மாமியார் ஆகவில்லை, எல்லோர் முன்னாலும் சொன்னாள்: “சிட்னிக்காரங்களக் காலுறையக் கழட்டச் சொல்லிப் பாருங்க. பாதிப் பேருக்குச் சங்கிலித் தழும்பு இருக்கும்.” எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த கையோடு என் பக்கம் திரும்பி, “உங்க அப்பா என்ன பண்றாரும்மா?” என்றாள். நல்ல மனசோடுதான் கேட்டாள். “அவர் இல்லை” என்று சொல்லிவிட்டேன். உடனே என் கையைப் பிடித்துக்கொண்டு, “அடப் பாவமே” என்று கண் கலங்கினாள். அதற்கப்புறம் எப்படி மாற்றிச் சொல்வது? செப்டிமஸ் பெண் கேட்டபோதும் அதையே சொன்னேன்.

நாங்கள் பட்டினி கிடந்த குளிர்காலத்தில்தான் நீங்கள் தேவாலயத்துப் பெரிய பிடிலை அடகு வைத்தீர்கள். அதற்குத்தான் உங்களைக் கைதியாக்கிக் கப்பலேற்றினார்கள். அம்மா எனக்கு எல்லாம் சொல்லியிருக்கிறாள். எனக்கு உங்கள்மேல் ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் இவர்கள் காதில் பசியும் பிடிலும் விழாது. கைதி என்ற ஒரு சொல்தான் விழும். இந்த வீட்டில் எனக்கு இருக்கும் இடம் அந்த ஒரு சொல்லில் போய்விடும், ஆனருக்கு இருக்கும் இடமும்தான்.

ஆம்ப்ரோஸ் பெல்லோ என்று அச்சடித்த தாள் இந்த ஊர்க் கடைக்கு வந்தாலே போதும். நான் பெல்லோ வீட்டுப் பெண் என்பது எல்லோருக்கும் தெரியும். தயவுசெய்து.

தலைகுனிந்து,
கெசியா


சிட்னி,
25 மே 1857

அன்பு மகளுக்கு,

செத்துப்போனவன் எழுதும் கடிதம் இது. பயந்துவிடாதே, இங்கே நல்ல சாப்பாடு கிடைக்கிறது.

பதில் போட இவ்வளவு நாள் ஆகிவிட்டது. வேலை அதிகம் என்று சொல்லலாம். உண்மையைச் சொன்னால், உன் கடிதத்தைப் படித்த அன்று டிரேகாட் வீட்டுக்குப் பாடத்துக்குப் போகவில்லை. மறுநாள் போனேன். வலித்தது, கெசியா. வலிக்கவில்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். ஆனால் அந்தத் தேநீர் மேசையில் உன்னை உட்காரவைத்து யோசித்துப் பார்த்தேன். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். உன்னை அப்படிச் சொல்ல வைத்தவன் நான்தானே. அந்த வெட்கம் என்னுடையது. அதையும் சேர்த்து நீ சுமக்காதே.

ஃப்ரிப்பிடம் போனால், அட்டைக்கான அச்சுத் தகட்டைச் செதுக்கி முடித்துவிட்டார்கள்! மனுஷன் தலையில் அடித்துக்கொண்டார். “என்னய்யா பெல்லோ, மக பேரும் வேணாம், தகப்பன் பேரும் வேணாம்னா அட்டையில ஆட்டுக்குட்டி படமா போடறது?” என்றார். பிறகு அவரே வழியும் சொன்னார். “ஆம்ப்ரோஸ்ங்கறத ஒரு இழுப்பு இழுத்தா அம்ப்ரோசி. முன்னால இத்தாலிக்காரங்க மிஸ்டருக்குப் பதிலாப் போடற ஒரு சிக்னோரைப் போட்டுருவோம். இந்த ஊர்ல இருக்கற இத்தாலிப் பாட்டு வாத்தியாருங்கள்ல பாதிப் பேரு லிவர்பூல்ல பொறந்தவன்தான். நீயும் இருந்துட்டுப் போயேன்.”

அப்படியாக உன் அப்பா இத்தாலியன் ஆகிவிட்டான். சமர்ப்பணம் நீதிபதி சம்சாரத்துக்கு. அந்த அம்மாளுக்கு இரண்டு காதும் மந்தம்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? பெல்லோ எழுதியதெல்லாம் கடையில் தூசி படிந்து கிடக்கிறது. சிக்னோர் அம்ப்ரோசியின் வால்ட்ஸ் சூடான ரொட்டி மாதிரிப் போகிறது. தெருவில் பால்காரன் சீட்டியடிக்கிறான். எழுதியவன் நான் என்று அவனிடம் சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை.

இன்னும் ஒரு செய்தி. பாடகி மேடம் தெசியே ஊர் ஊராகக் கச்சேரி செய்யக் கிளம்புகிறாள். பக்கத்தில் பியானோ வாசிக்க சிக்னோர்தான் வேண்டுமாம். மெல்பர்ன், அடிலெய்டு, திரும்பவும் மெல்பர்ன். ஜூன் கடைசியில் உன் ஊரில் இருப்பேன். உன் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன், சத்தியம். நீ கூட்டத்தில் எங்கேயாவது உட்கார்ந்திரு. நான் மேடையிலிருந்து தேடமாட்டேன். கண்ணில் பட்டால் பட்டும்படாமலும் பார்த்துக்கொள்கிறேன். அது எனக்குப் போதும்.

அன்புடன்,
அப்பா


அடிலெய்டு,
2 ஜூலை 1857

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் மெல்பர்னில் தங்கும் விடுதிக்கே இதை அனுப்புகிறேன். கப்பலில் குளிராக இருந்ததா? நீங்கள் போட்டு வந்த கோட்டு மிகவும் மெல்லியது, அப்பா.

கச்சேரி முடிந்ததும் அத்தை உங்களைத் தேநீருக்குக் கூப்பிடுவாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. மேடத்தை மட்டும்தான் கூப்பிடப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாள் பிற்பகல் மேடத்தின் பின்னால் நீங்கள் உள்ளே வந்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அத்தை, “இது என் மருமக, இவளும் பியானோ நல்லா வாசிப்பா” என்றாள். நீங்கள் குனிந்து என் விரல் நுனியைத் தொட்டு, “சிக்னோரா, மிக்க பெருமை” என்று அந்த இழுத்த பேச்சில் சொன்னீர்கள். உங்கள் விரல் வியர்த்திருந்தது. என்னுடையதும்தான்.

எவ்வளவு நன்றாகச் சமாளித்தீர்கள்! அத்தை மேடத்தை விட்டுவிட்டு உங்களிடமே பேசிக்கொண்டிருந்தாள். நேப்பிள்ஸ் எரிமலையைப் பற்றிக் கேட்டபோது, “அது ரொம்பச் சூடு, மேடம்” என்றீர்களே, எனக்கு உயிரே போய்விட்டது.

பிறகு என்னை அந்த வால்ட்ஸை வாசிக்கச் சொன்னார்கள். அப்பா, நான் அதை வாங்கி வந்த நாளிலிருந்து வீட்டில் யாரும் இல்லாதபோதெல்லாம் வாசித்திருக்கிறேன். அம்மா துணி மடிக்கும்போது முணுமுணுக்கும் ராகம் அதன் நடுவில் வருகிறது. உங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த இடத்துக்கு வந்ததும் கை தடுமாறிவிட்டது. உடனே நீங்கள் விரலை நீட்டி என் மணிக்கட்டைத் தூக்கிவிட்டீர்கள். நினைத்துச் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அத்தை கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். அந்நிய ஆண், வீட்டு மருமகளின் கையைத் தொட்டுவிட்டாரே. நீங்கள் விரலைத் தீயில் பட்டதுபோல இழுத்துக்கொண்டு, “மன்னிக்க, வாத்தியார் வழக்கம்” என்றீர்கள். கொஞ்ச நேரத்தில் விடைபெற்றும் போய்விட்டீர்கள்.

கவலைப்படாதீர்கள். யாரும் எதுவும் கண்டுபிடிக்கவில்லை. அத்தைக்கு உங்களைப் பிடித்துப்போய்விட்டது. “ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் அந்த இத்தாலிக்காரரை வரச்சொல்லு. நாலு வீட்டுப் பொண்ணுங்களுக்குப் பாடமும் சொல்லித்தரட்டும்” என்கிறாள். யோசித்துப் பாருங்கள், அப்பா! வருஷத்துக்கு ஒரு மாதம் நீங்கள் இங்கே இருக்கலாம். ஆனரைப் பார்க்கலாம். பேச்சில் மட்டும் கொஞ்சம் கவனமாக இருந்தால் போதும். இவ்வளவு நல்ல வழி கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. சரி என்று எழுதுங்கள்.

அன்பு மகள்,
கெசியா


மெல்பர்ன்,
16 ஜூலை 1857

கெசியா,

உன் கடிதம் வந்தது. வர மாட்டேன் அம்மா.

ஏன் என்று சொல்லாமல் விட்டால் நீ எதையாவது நினைத்துக்கொள்வாய். ஆகவே சொல்கிறேன். முதலில் என் கதை. உன் மாமியார் எனக்கு முதுகு சாய்ந்த நாற்காலி போட்டாள். ரோஜாப்பூப் போட்ட கோப்பையில் தேநீர் கொடுத்தாள். நான் இத்தனை காலம் பாடம் சொல்லித்தந்த எந்த வீட்டிலும் பெல்லோ முன்வாசல் வழியாகப் போனதில்லை. எனக்குப் பிடித்திருந்தது. பெற்ற மகள் என்னைப் பார்த்து நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், நான் எரிமலைக் கதை அளந்துகொண்டு இரண்டாவது துண்டு கேக் வாங்கித் தின்கிறேன். வெளியே வந்ததும் கேக்கெல்லாம் நெஞ்சை அடைத்தது. பேத்தி தரையில் தவழ்ந்து என் பூட்ஸ்வரை வந்தாள். தூக்கவில்லை. தேநீருக்கு வந்த பாட்டுக்காரன் வீட்டுக் குழந்தையைத் தூக்குவானா? ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுக் காலை நகர்த்திக்கொண்டேன்.

இது என் வெட்கம். இனி இன்னொன்று.

கையுறையை மறந்துவிட்டேன் என்று படியிலிருந்து திரும்பினேன். கதவு திறந்துதான் இருந்தது. உன் மாமியார் என் பேச்சை இழுத்து இழுத்துப் பேசிக்காட்டிக்கொண்டிருந்தாள். “வாத்தியார் வழக்கமாம்ல! கையத் தொடறதுக்கு ஒரு சாக்கு!” என்றாள். அதற்கு நீ சொன்னாய்: “விடுங்க அத்தை. பழக்கின குரங்குக்கும் வழக்கம் இருக்கத்தானே செய்யும்.” எல்லோரும் சிரித்தார்கள். உன் சிரிப்பு எனக்குத் தெரியாதா? அதுதான் எல்லாவற்றையும்விடச் சத்தமாகக் கேட்டது.

கையுறையை எடுக்காமல் வந்துவிட்டேன்.

பயத்தில் சொன்னாய். தெரியும். சந்தேகம் யாருக்கும் வரக்கூடாது என்று முந்திக்கொண்டாய். நான் கோபத்தில் எழுதவில்லை. ஆனால் வருஷா வருஷம் வந்தால் வருஷா வருஷம் நீ அப்படி எதையாவது சொல்ல வேண்டியிருக்கும். சொல்லிச் சொல்லிப் பழகிவிடும். அது உனக்கு வேண்டாம், எனக்கும் வேண்டாம்.

நான் இறந்தவனாகவே இருந்துவிடுகிறேன். செத்துப்போன பெல்லோவைப் பற்றி அந்த வீட்டில் ஒருவரும் கேலி பேசவில்லை. அவனுக்காக உன் மாமியார் கண்கூடக் கலங்கியிருக்கிறாள். எனக்கு அந்த மரியாதையே போதும்.

ஆனரை நன்றாகப் பார்த்துக்கொள். தபால் நிலையத்துக்கு அலைய வேண்டாம். இனி எழுத மாட்டேன்.

ஆ. பெல்லோ


அடிலெய்டு,
8 ஆகஸ்ட் 1857

அப்பா,

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த வார்த்தையை உங்களிடம் மறைத்துவிட்டுத்தான் போன கடிதத்தில் அவ்வளவு உற்சாகமாக எழுதினேன். வரச்சொல்லி அழைத்தேன். அதை நினைத்தால் உங்களுக்கு இந்தக் கடிதம் எழுதவே கை கூசுகிறது.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் உடனே கொடுத்துவிடுவீர்கள். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

போன ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பாதிரியார் குடும்பம் வந்திருந்தது. அத்தை அவர்களுக்கு இத்தாலிக்காரர் கதையைச் சொன்னாள். எரிமலை, கேக், மணிக்கட்டு, எல்லாம். சொல்லிவிட்டு, “அதுக்கு எம் மருமக என்ன சொன்னா தெரியுமா? நீயே சொல்லு கெசியா” என்றாள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது, அப்பா. பழகிவிடும் என்று எழுதியிருந்தீர்களே, எனக்கு ஏற்கெனவே பாதி பழகியிருந்தது.

“அவர் இத்தாலிக்காரர் இல்ல அத்தை. என் அப்பா” என்றேன். பாதியில் நிறுத்தினால் மீதியை ஜென்மத்துக்கும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. “கைதியா வந்தவர். சாகல. நான்தான் சாகடிச்சேன்” என்றேன்.

 அத்தை முகத்தில் ஈயாடவில்லை. கடைசியில், “சாப்பிடுங்க, கறி ஆறுது” என்று பாதிரியாரைப் பார்த்துச் சொன்னாள். அதற்கப்புறம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வியாழக்கிழமைகளில் தேநீருக்கு வரும் பெண்களில் இந்த வாரம் ஒருத்திகூட வரவில்லை. அத்தை கோப்பைகளை எடுத்து வைத்து, தானே திரும்ப அலமாரியில் அடுக்கினாள். அப்போது கோபப்பட்டுத் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

செப்டிமஸ்தான் என்னை உடைத்துவிட்டார். கத்தவில்லை. “நீ கைதியோட பொண்ணுன்னு சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு எனக்குத் தெரியல. ஒருவேளை ஓடியிருப்பேன். ஆனா கல்யாணத்தன்னிக்குக் காலையில உங்க அப்பாவுக்காக நீ அழறேன்னு நினைச்சு, உன்கூட முழங்கால் போட்டு ஜெபம் பண்ணேனே, கெசியா. அத என்ன பண்றது?” என்றார்.  அன்று நான் அழுதது உண்மை. நீங்கள் அங்கே இல்லை என்றுதான் அழுதேன். அதைச் சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை. நேற்றுக் காலை வேலைக்குக் கிளம்பும்போது, “அவரை வரச்சொல்லி எழுது” என்றார். முகம் கொடுத்துச் சொல்லவில்லை. ஆனாலும் சொன்னார்.

ஆகவே எழுதுகிறேன். வாருங்கள், அப்பா. வீட்டு விலாசத்தைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டால் வெட்கம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. உங்களை நினைத்த வெட்கம் இன்னும் இருக்கிறது, என்னை நினைத்த வெட்கம் அதற்குமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் கப்பலிலிருந்து இறங்கும்போது, யார் யார் பார்க்கிறார்கள் என்று நான் சுற்றுமுற்றும் பார்ப்பேன். பார்க்காமல் இருக்க என்னால் முடியாது, என்னை எனக்குத் தெரியும். நீங்களும் அதைக் கவனித்துவிடுவீர்கள்.

கவனித்தாலும், திரும்பிப் போகாமல் இறங்கி வாருங்கள். நான் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டேன்.

உங்கள் மகள்,
கெசியா
ஹாலட் வீடு, வடக்கு மேட்டுத் தெரு, அடிலெய்டு